மெல்போர்ன் ஏரியில் ஒரு நாமக்கோழி! - வெளிநாட்டு இயற்கை எனக்குத் திருப்பிக் கொடுத்த கோலம்

"பாட்டி, இந்தப் பறவை உங்க ஊர்லயும் இருக்குமாமே... நீங்க பார்த்திருக்கீங்களா?"

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஏரிக்கரையில் என் பேத்தி கேட்ட கேள்வி இது. கரிய உடம்பு, சிவந்த கண், நெற்றியில் நாமம் போட்டதுபோல ஒரு வெள்ளைப் பட்டை. செல்போனில் தேடி, "யூரேஷியன் கூட்" என்று பெயரும் சொன்னாள். தமிழில் அதற்கு நாமக்கோழி என்று பெயர். ஐரோப்பாவில் தொடங்கி ஆசியா, ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் பறவை. சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் தென்படுகிற ஒன்றுதான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீடு திருமுல்லைவாயலில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் 28 வருடம் வேலை. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அம்பத்தூர் ஏரியைப் பஸ் ஜன்னல் வழியாகக் கடந்திருக்கிறேன். கணக்குப் போட்டால் 15,000 தடவைக்கு மேல் வரும். அந்தத் தண்ணீரில் என்ன மிதக்கிறது என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. நான் பார்த்ததெல்லாம் கைக்கடிகாரத்தைத்தான். ஐந்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் போய்விடும்.

கணவர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. "தனியா இருக்க வேண்டாம்மா, மூணு மாசம் வந்து இரு" என்று மகள் டிக்கெட் போட்டுவிட்டாள். அதற்கு முன்பே நான் வாசலில் கோலம் போடுவதை நிறுத்தியிருந்தேன். "வருஷம் திரும்பட்டும்" என்று பெரியவர்கள் சொன்னது ஒரு காரணம். உண்மையைச் சொன்னால் எனக்கே கை வரவில்லை. பத்து வயதில் இருந்து தினமும் புள்ளி வைத்த கை அது.

அந்த மூன்று மாதத்தில் என் கைக்கும் மனசுக்கும் நடந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் அம்மா அப்பாக்கள் நம்ம ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். போகிற இடத்தில் நாள் முழுக்க நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் உதவும் என்று நினைக்கிறேன்.

ஏன் வெளியூர் போனால்தான் கண் திறக்கிறது?

நம் மூளை ரொம்பச் சிக்கனமானது. தினமும் பார்க்கிற பொருளை அது மறுபடி மறுபடி முழுசாகப் பார்க்காது. 'இது ஏற்கெனவே தெரிஞ்சதுதான்' என்று தாண்டிப் போய்விடும். கட்டில் காலில் தினமும் இடித்துக்கொள்ளாமல் இருட்டில் நடக்க முடிவது இந்தப் பழக்கத்தால்தான். ஆனால் இதே பழக்கம்தான் ஏரியையும் வேப்பமரத்தையும் நம் கண்ணில் இருந்து மறைத்துவிடுகிறது.

புது ஊருக்குப் போனால் இந்தச் சிக்கனம் செல்லாது. எந்த மரத்துக்கும் பெயர் தெரியாது. குளிர்காலம் ஜூனில் வருகிறது. காகம் மாதிரி இருப்பது காகம் மாதிரி கத்துவதில்லை. அதனால் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தே ஆக வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. அங்கே நமக்குப் பால்காரர் இல்லை, கேஸ் புக் பண்ணுகிற வேலை இல்லை, கரன்ட் பில் கடைசித் தேதி இல்லை. கவனத்தைப் பிய்த்துத் தின்கிற இந்த வேலைகள் விலகியதும், கவனம் தானாகவே ஓர் இலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அமெரிக்க உளவியல் அறிஞர்களான ரேச்சல் கப்லன், ஸ்டீபன் கப்லன் தம்பதி 1989இல் வெளியிட்ட ஒரு நூலில் இதைத்தான் விளக்கினார்கள். வேலையில் நாம் கவனத்தைக் கட்டாயப்படுத்திப் பிடித்து வைக்கிறோம்; அது களைத்துப் போகிறது. மேகம், தண்ணீர், இலையசைவு போன்றவை நம்மை வற்புறுத்தாமல் மெல்ல இழுப்பதால் களைத்த கவனம் ஓய்வெடுத்துத் தெளிகிறது என்பது அவர்கள் கருத்து.

நம்ம பாரதியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1908இல் ஆங்கில அரசின் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரிக்குப் போனார். இன்றைக்கு ஈ.சி.ஆரில் மூன்று மணி நேரத்தில் போய்விடுகிறோம். அன்றைக்கு அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அயல்நாடு. 1918 வரை பத்து வருடம் அங்கேதான் இருந்தார். அங்கே ஒரு மாந்தோப்பில் பிறந்ததுதான் 'குயில் பாட்டு'. குயில் என்ன புதுச்சேரியில் மட்டுமா கூவுகிறது? திருவல்லிக்கேணியிலும் கூவும், எட்டயபுரத்திலும் கூவும். ஆனால் சொந்த ஊருக்குத் திரும்ப முடியாத ஒருவர் அந்தத் தோப்பில் உட்கார்ந்து கேட்டபோது அது ஒரு நெடும்பாட்டாக மாறியது. 'கண்ணன் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' எல்லாமும் அந்த வருடங்களில் எழுதியவைதான்.

சின்னதாகிப்போவதில் ஒரு நிம்மதி

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளும் மாப்பிள்ளையும் என்னை டாண்டினாங் மலைத்தொடருக்கு அழைத்துப் போனார்கள். மெல்போர்னில் இருந்து காரில் ஒரு மணி நேரம். அங்கே ஷெர்புரூக் என்று ஒரு காடு இருக்கிறது. காருக்குள் இருந்து இறங்கியதுமே மூக்கில் ஏறியது ஊட்டி வாசனை!

தைல மரங்கள். நாம் 'நீலகிரித் தைலம்' என்று சொல்கிற யூகலிப்டஸ், நீலகிரிக்கு ஆஸ்திரேலியாவில் இருந்துதான் 1843இல் கொண்டுவரப்பட்டது. நம்ம ஊர் வாசனை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அந்த ஊரில் இருந்து வந்த விருந்தாளி! ஷெர்புரூக்கில் இருப்பது அதே குடும்பத்தில் இன்னொரு வகை. பூக்கும் தாவரங்களில் உலகிலேயே மிக உயரமாக வளர்வது இதுதான். இந்த வகையில் மிக உயரமான மரம் டாஸ்மேனியாவில் இருக்கிறது. சுமார் 100 மீட்டர். நம்ம அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 54 மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு எல்.ஐ.சி.யை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் பார்த்த மரங்கள் அதைவிடக் குள்ளம்தான். ஆனாலும் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. என் துக்கம் அதே அளவில்தான் இருந்தது, அது குறையவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகம் மட்டும் திடீரென்று பெரிதாகிவிட்டது. ஏழு மாதமாக வீட்டுக் கூரை அளவுக்கு நிறைந்து நின்ற ஒன்று, அந்தக் காட்டில் என் கைக்குள் பிடித்துக்கொள்ளக்கூடிய அளவில் இருந்தது. அழுதேன். மாப்பிள்ளை பார்க்காத மாதிரி முன்னால் நடந்துபோய்விட்டார், நல்ல மனுஷன்.

இந்த அனுபவத்தைப் பற்றி ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் இருந்து 2020இல் வெளியான ஆய்வு அது. வயதானவர்களை எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு தடவை 15 நிமிடம் வெளியில் நடக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும், "போகும் வழியில் வியப்பூட்டுவதைத் தேடிப் பாருங்கள்" என்று கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் நடக்கும்போது செல்ஃபி எடுக்க வேண்டும். வியந்து நடந்தவர்களின் படங்களில் வாரம் ஏற ஏற அவர்கள் உருவம் சிறிதாகி, பின்னால் இருந்த இயற்கைக்கு அதிக இடம் கிடைத்தது. சிரிப்போ பெரிதாகிக்கொண்டே போனது. நன்றியுணர்வும் இரக்கமும் அவர்களிடம் கூடியிருந்தன.

ஜப்பானில் காட்டுக்குள் மெதுவாக உலவுவதற்கு 'ஷின்ரின் யோகு' என்று பெயர். காட்டுக் குளியல் என்று அர்த்தம். 1982இல் அந்நாட்டு வனத்துறையே மக்களுக்கு இதைப் பரிந்துரைக்கத் தொடங்கியது. குளியல் என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. குளிக்கும்போது நாம் தண்ணீரை ஆராய்வதில்லை, நனைகிறோம். அவ்வளவுதான்.

வழி நம்ம ஊர்லயே இருக்கு!

அன்று இரவு படுக்கையில் யோசித்தபோது, இதெல்லாம் எங்கேயோ கேட்ட கதையாகவே தோன்றியது. நம்ம சென்னையின் மேற்குப் பக்கத்து ஊர்களின் தலபுராணங்களை எடுத்துப் பாருங்கள், இயற்கையை எப்படி அணுக வேண்டும் என்று மூன்று பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது, எங்கள் திருமுல்லைவாயல். போருக்குப் போன தொண்டைமான் மன்னனின் யானைக் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாம். கொடியை வாளால் வெட்டியபோது, அதனடியில் மறைந்திருந்த லிங்கத்தின் மேல் வெட்டு பட்டு ரத்தம் வந்ததாம். மன்னன் பதறி இறங்கினான் என்கிறது தலபுராணம். மாசிலாமணீஸ்வரர் கோயிலில் இன்றைக்கும் முல்லைதான் தலவிருட்சம். யானைப்படையை ஒரு கொடி நிறுத்துகிறது. நில் என்பது முதல் பாடம்.

இரண்டாவது, திருநின்றவூர். கையில் காசில்லாத பூசலார், கல் கல்லாக மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் மன்னன் எழுப்பிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்த அதே நாளில்தான் பூசலாரின் மனக்கோயிலுக்கும் குடமுழுக்கு. 'நான் அங்கே போகிறேன், உன் நாளை மாற்றிக்கொள்' என்று மன்னன் கனவில் இறைவன் சொன்னார் என்று பெரியபுராணம் பேசுகிறது. அதை எழுதிய சேக்கிழார், பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். பார்த்ததை உள்ளே கட்டு என்பது இரண்டாவது பாடம். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அது செல்போனுக்குள்தான் போகும். கண்ணை மூடி இலை இலையாக நினைத்துப் பார்த்தால்தான் மனசுக்குள் போகும்.

மூன்றாவது, பூந்தமல்லி. இங்கே பிறந்த திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் வைத்து, பூத்த பூக்களைக் காஞ்சி வரதராஜருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். பெருமாளுக்கு விசிறி வீசும் தொண்டையும் செய்தார். பூவைப் பார்த்து ரசித்ததோடு நிற்கவில்லை, தண்ணீர் ஊற்றி வளர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். திருப்பிக் கொடு என்பது மூன்றாவது பாடம். நன்றி என்பது வெறும் உணர்ச்சி இல்லைங்க, அதற்கு ஒரு வேலையும் உண்டு.

ஆஸ்திரேலியாவில் இதைப்போல ஒரு வழக்கத்தைப் பார்த்தேன். பேத்தி பள்ளியில் நிகழ்ச்சி தொடங்கும் முன், அந்த மண்ணின் பழங்குடிகளான வுருண்ட்ஜெரி மக்களின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய மூதாதையருக்கு மரியாதை செலுத்தினார்கள். அந்த நாடு முழுக்கவே பொது நிகழ்ச்சிகளில் அந்தந்த மண்ணின் மக்களைச் சொல்லி இப்படித் தொடங்குவது வழக்கமாம். காலையில் எழுந்ததும் தரையைத் தொட்டு, 'உன்மேல் கால் வைக்கிறேன் தாயே, பொறுத்துக்கோ' என்று சொல்லும் என் பாட்டி ஞாபகம் வந்தாள்.

சுருள் இலை கோலமான கதை

ஷெர்புரூக் காட்டில் உயர மரங்களுக்குக் கீழே மரப்பெரணிகள் நிறைய உண்டு. தென்னங்கன்று மாதிரி தண்டு, உச்சியில் குடை மாதிரி இலைகள். புதுக்கொழுந்து விரிவதற்கு முன் கைமுறுக்கு போலச் சுருண்டிருக்கும். பெரிய சுருளுக்குள் சின்னச் சுருள், அதற்குள் இன்னும் சின்னது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆள்காட்டி விரல் தானாகவே சேலை மேல் ஒரு கோடு இழுத்தது.

சிக்குக் கோலம்!

வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கினேன். கட்டம் போட்ட தாள், புள்ளிக்குச் சௌகரியம். ஏழு புள்ளியில் ஆரம்பித்தேன். வரவில்லை. சுருள் உள்ளே போனால் வெளியே வர வழியில்லாமல் முட்டிக்கொண்டது. சிக்குக் கோலத்தில் கோடு எங்கேயும் அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும் இல்லையா? மறுபடி அடுத்த ஞாயிறு காட்டுக்குப் போனேன். பார்த்ததைவிட இந்தத் தடவை ஆராய்ந்தது அதிகம். இலை தனியாகச் சுருளவில்லை, நடு நரம்பைப் பிடித்துக்கொண்டுதான் சுருள்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. பதினோரு புள்ளியில் கோலம் கூடி வந்தது. நாற்பது வருடத்தில் நானாக உருவாக்கிய முதல் கோலம் அது. அதுவரை போட்டதெல்லாம் அம்மா சொல்லிக்கொடுத்தது, பத்திரிகையில் வந்தது.

புதிய சிந்தனைக்கும் இயற்கைக்கும் என்ன தொடர்பு என்று அமெரிக்காவில் 2012இல் ஓர் ஆய்வு வந்தது. செல்போன், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் நான்கு நாள் காட்டில் நடந்தவர்கள், படைப்பாற்றலைச் சோதிக்கும் தேர்வில் மற்றவர்களைவிட 50 சதவிகிதம் அதிகம் மதிப்பெண் எடுத்தார்கள். பலன் காட்டினால் வந்ததா, செல்போன் இல்லாததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எப்படியிருந்தாலும் நமக்கு லாபம்தானே!

அயல்மண் சில சமயம் நம்முடைய நிலத்தையே நமக்குத் திருப்பிக் கொடுக்கும். மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அறிஞர் ஏ.கே.ராமானுஜன், 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் வேறு ஏதோ தேடப்போய்க் குறுந்தொகையைக் கண்டெடுத்தார். 1937இல் உ.வே.சா. பதிப்பித்த நூல் அது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தையும் மனசையும் சேர்த்தே பேசும் அந்தப் பாடல்களில் இருந்து தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1967இல் புத்தகமாக்கினார். தமிழ்த் திணை உலகத்துக்குப் போனது கடல் தாண்டிய ஒரு நூலகத்தின் அடித்தளத்தில் இருந்து.

நீங்க போகும்போது...

பெரிய சுற்றுலாத் தலம் எதுவும் தேவையில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூங்காவோ குளமோ இருந்தால் போதும். பத்து இடத்தை ஒரு தடவை பார்ப்பதைவிட, ஒரே இடத்தைப் பத்து தடவை பாருங்கள். மூன்றாவது தடவைதான் அங்கே இருக்கிற பறவைகள் நமக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

முதல் பத்து நிமிடம் செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். குளிருக்குச் சரியான செருப்பும் ஷூவும் முக்கியம். தனியாகப் போனால் வீட்டு முகவரி எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும்.

பார்த்ததற்குத் தமிழில் என்ன பெயர் என்று தேடுங்கள். பெயர் இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களே ஒன்று வையுங்கள். தமிழ் பேசத் தயங்குகிற பிள்ளைகள்கூட இந்த விளையாட்டுக்கு வந்துவிடுவார்கள், என் அனுபவம்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரைய, எழுத, எம்பிராய்டரி டிசைன் போட, எது வருமோ அது. வாரம் ஒருநாள் நன்றி சொல்ல வேண்டிய ஐந்து விஷயங்களையும் அதில் குறியுங்கள். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் இப்படி எழுதியவர்கள், அந்தந்த வாரத்துத் தொல்லைகளை எழுதியவர்களைவிட வாழ்க்கையை நல்லவிதமாக உணர்ந்தார்கள். 'இயற்கைக்கு நன்றி' என்று மொத்தமாக எழுதினால் ஒட்டாது. 'இன்னிக்கு நாமக்கோழி தண்ணி மேல ஓடிப் பறந்தது' என்று எழுதிப் பாருங்கள்.

முக்கியமாக ஒன்று: இலை, விதை, காய் என்று எதையும் பையில் போட்டு எடுத்து வராதீர்கள். ஆஸ்திரேலியாவில் இந்தக் கட்டுப்பாடு ரொம்பக் கடுமை. நம்ம நாட்டுக்குள்ளும் விதை, செடி கொண்டுவர அனுமதி வேண்டும். மண்ணோடும் விதையோடும் நோயும் பூச்சியும் சேர்ந்தே பயணம் செய்யும் என்பதால்தான் இந்தச் சட்டம். மனசுக்குள் கொண்டுவருவதை எந்த விமான நிலையத்திலும் பிடிக்க மாட்டார்கள்.

திரும்பி வந்த பிறகு

செப்டம்பரில் ஊர் திரும்பினேன். இரண்டாவது நாளே அம்பத்தூர் ஏரிக்கரைக்குப் போனேன். மெல்போர்ன் மாதிரி இல்லைங்க. கரையோரம் குப்பை, ஒரு பக்கம் வெங்காயத்தாமரை, காற்றில் சாக்கடை வாடை. நாமக்கோழி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது? 28 வருடம் ஜன்னலோரம் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தவள் நானும்தானே?

நம்ம பக்கத்தில் நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கப் பகுதி மக்களே அமைப்பாகச் சேர்ந்து பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரி, நடைபாதையோடு பசுமைப் பூங்காவாகச் சீரமைக்கப்பட்டு 2019இல் திறக்கப்பட்டது. இப்போது வாரம் இரண்டு நாள் காலையில் ஏரிக்கரைக்குப் போகிறேன். கையில் ஒரு சாக்குப்பை. நூறு அடிக்குக் கிடக்கிற பிளாஸ்டிக்கை மட்டும் பொறுக்குவேன், அதற்கு மேல் முதுகு ஒத்துழைக்காது. திருக்கச்சி நம்பிகள் காஞ்சிக்குப் பூ சுமந்தார். என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

கணவருக்கு வருஷம் திரும்பியதும், மறுநாள் விடியற்காலையில் வாசல் தெளித்து, பதினோரு புள்ளி வைத்து மரப்பெரணிச் சுருளைப் போட்டேன். "இது என்ன புதுசா இருக்கே அக்கா, எந்தப் புக்ல வந்தது?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் வீட்டுக் குக்கர் நாலு விசில் அடித்துவிட்டது.

ஜனவரியில் ஒருநாள் காலை. வெங்காயத்தாமரைக்கு அப்பால் திறந்த தண்ணீரில் கறுப்பாக ஏதோ அசைந்தது. நெற்றியில் வெள்ளை நாமம். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்து, அங்கேயே நின்று பேத்திக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

"கண்ணு, நீ கேட்டியே... பார்த்துட்டேன். மொத்தம் ஏழு."